வெளிவராத படத்தின் ஏழு பாட்டுகள்

கச்சேரி முடிந்த மறுநாள் காலையில் சட்டை துவைப்பது சுலோசனாவின் வேலை. மூன்று சட்டைகள். வான நீலம், மார்பில் இரண்டு வரிசை சுருக்கு வைத்த லேஸ், மணிக்கட்டில் அகலப் பட்டி. கல்லில் அடித்தால் லேஸ் பிய்ந்துவிடும், கையால்தான் கசக்க வேண்டும். ஒருமுறை வெளியே சலவைக்குப் போட்டு, ஒரு சட்டை கருகி வந்தது. அதிலிருந்து அவளேதான். கசக்கி, அலசி, வடிகஞ்சியில் முக்கி, கிணற்றடிக் கொடியில் தலைகீழாகக் காயப்போடுவாள். சட்டைக்கு இரண்டாக ஆறு கைகள், யாரையோ சரணடைந்ததுபோலத் தொங்கும்.

தண்ணீரில் நனைப்பதற்கு முன் பாக்கெட்டுகளில் கைவிட்டுப் பார்ப்பாள். உள்ளே துண்டுச் சீட்டுகள் இருக்கும். கச்சேரி கேட்பவர்கள் தங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று பஸ் டிக்கெட்டின் பின்னாலும் சிகரெட் அட்டையிலும் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பாடுகிறவர் படித்துவிட்டுப் பாக்கெட்டில் திணித்துக்கொள்வார். சுலோசனா ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. மேடையில் என்ன நடந்தது என்பதை அந்தச் சீட்டுகளில்தான் படித்துத் தெரிந்துகொண்டாள்.

அவள் பாகூர்ப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். 1967 தை மாதம் வில்லியனூர்க் கடைத்தெருவில் பெயின்ட், ஆணி, கயிறு விற்கும் சேதுராமன் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை ஏகநாதன் கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்றார்கள். அவனுடைய பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியபோது ஒரு மின்சாரக் கித்தாரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார் என்பதையோ, அவை இரண்டும் இப்போது மாப்பிள்ளையின் அறையில் இருக்கின்றன என்பதையோ யாரும் சொல்லவில்லை.

அந்த இசைத்தட்டுகளில் நாலு பேர் சேர்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே உண்டாக்கிப் பாடினார்கள். சத்தமாகப் பாடினார்கள். ஏகநாதனுக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. ஊருக்கு ஊர் இசைக்குழு இருந்தது, எல்லாம் சினிமாப் பாட்டு வாசித்தன.

"சினிமாப் பாட்டுக்கு நாம எதுக்கு? ரிக்கார்டு போட்டா அதுவே பாடிட்டுப் போவுது" என்பான். சொந்தப் பாட்டு மட்டும் வாசிக்கும் குழு ஒன்றைத் தொடங்கினான். வில்லியனூர் ஆற்றின் பெயரை வைத்து, சங்கராபரணி பாய்ஸ். ட்ரம்ஸ் அடித்தவன் சுல்தான்பேட்டை ஹபீப் முகமது, ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. பாடியவர் நமச்சிவாயம், பக்கத்துத் தொடக்கப்பள்ளி வாத்தியார், மற்ற இருவரையும்விட ஏழெட்டு வயது மூத்தவர்.

முதல் கச்சேரி 1968இல் சுத்துக்கேணித் திருவிழாவில். மறுநாள் ஹபீப் கிணற்றடிக்கே வந்து தன் சட்டையைக் கொடுத்தான். தோளில் சாணி அப்பியிருந்தது.

"இன்னா ஹபீபு, மாட்டுக் கொட்டாயில வாசிச்சீங்களா?"

"அத ஏன் கேக்குறீங்க அண்ணி. உங்க வூட்டுக்காரரு கித்தார இழுத்து ஊளையிட வச்சாரா, மைக்செட்டுக்காரரு ஓடியாந்து ஒயர புடுங்கிட்டாரு. ரிப்பேருபா, ஷாக்கடிக்கும்ன்றாரு. இவரு, யோவ், அதுதான்யா பாட்டுன்றாரு. சனம் யாரு பேச்சக் கேக்கும்? சாணிய எடுத்து அடிச்சிட்டாங்க."

நமச்சிவாயத்தின் பாக்கெட்டில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. 'தம்பிகளே, பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?'

சுலோசனா சிரித்தாள். அன்று மாலை கணவனிடம் அந்தப் பாட்டுகளைப் படித்துக் காட்டச் சொன்னாள். அலையே, மலையே, நிலவே என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"இதுல யாரு யார்கிட்ட பேசுறாங்க?" என்றாள்.

"இன்னா கேள்வி இது? பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்."

"கேக்குறவன் அவன் வூட்டுல யாராச்சும் பேசுற மாதிரி நெனைக்க வேணாமா?"

அவன் பதிலுக்குக் கித்தாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் மார்கழியில் ஒருநாள், இருட்டுகிற நேரம். சுலோசனா கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துக்கு அப்போது மின்விளக்கு கிடையாது, ஒரு அரிக்கேன்தான். மாமியார் விசாலாட்சி கொசு வருகிறது என்று அரிக்கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் பின்கதவைத் தாழிட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்ததில்லை. மருமகள் உள்ளே இருப்பதாக நினைத்துவிட்டாள். சுலோசனா ஈரக் கையோடு கதவைத் தட்டினாள். உள்ளே ஏகநாதன் கித்தார் பழகிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் அவள் தட்டியது யார் காதிலும் விழவில்லை. அரைமணி நேரம் இருட்டில் நின்றாள்.

அவளிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. மார்கழியில் ஒவ்வொரு நாளும் போட்ட கோலத்தை அதில் வரைந்து, அடியில் தேதியும் வருஷமும் எழுதிவைப்பாள், மறுவருஷம் அதே கோலம் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக. அன்றைய கோலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நாலு வரி எழுதினாள்.

*விளக்க உள்ள கொண்டு போகாதீங்க,*
*வெளியில இன்னும் ஓராள் இருக்கு.*
*தாப்பாளக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க,*
*தண்ணிக் கையோட வந்துகிட்டிருக்கு.*

ஏகநாதன் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அந்த நோட்டைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் மெட்டு வந்தது. வரிகளைத் தன் கையால் வேறு தாளில் எழுதிக்கொண்டான்.

"நான் எழுதினேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டது சுலோசனாதான். "அத்தை கேட்டா ஒடனே கண்டுபுடிச்சிடுவாங்க."

அவனுக்கும் அது வசதியாக இருந்தது. நமச்சிவாயம் தாளைப் பார்த்துவிட்டு, "டேய் ஏகா, உனக்குள்ள இப்படி ஒருத்தன் இருக்கானா?" என்றார். அவன் சிரித்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஹபீபுக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த மூன்று நாளும் கோல நோட்டு ஏகநாதன் கையில் இருந்ததை அவன் பார்த்திருந்தான்.

பாட்டு நன்றாக இருந்தது. ஆனால் புதுப்பாட்டு என்றதுமே கூட்டம் எழுந்து கடலை வாங்கப் போனது. அதற்கு வழி கண்டுபிடித்தவர் நமச்சிவாயம். பண்டசோழநல்லூர் மேடையில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்து, விரைவில் வெளிவரவிருக்கும் அக்கரை ரோஜா திரைப்படத்திலிருந்து ஒரு பாடல்" என்று அறிவித்தார். அப்படி ஒரு படம் கிடையாது. பெயர் அந்த நிமிஷத்தில் அவர் வாயில் வந்தது.

மறுநாள் பாக்கெட்டிலிருந்து பதினோரு சீட்டுகள் வந்தன. 'அக்கரை ரோஜா விளக்குப் பாட்டு இன்னொரு தரம்.' 'விளக்குப் பாட்டு, பெண்கள் பகுதி சார்பாக.' சுலோசனா சட்டையை நனைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சீட்டுகளைக் கோல நோட்டுக்குள் வைத்தாள்.

பாட்டு ஊர் ஊராகப் போயிற்று. ஒருநாள் விசாலாட்சியே அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டு அதை முணுமுணுத்தாள்.

"இன்னா படமோ, பாட்டு நல்லாகீதுடி. எவளோ ஒரு மாமியாக்காரி மருமவள வெளிய வச்சி சாத்திட்டா போல. படுபாவி" என்றாள்.

"ஆமாங்கத்தை" என்று சுலோசனா குழம்பைக் கிண்டினாள்.

பத்து வருஷத்தில் அக்கரை ரோஜாவுக்கு ஏழு பாட்டுகள் சேர்ந்தன. ஏழும் கோல நோட்டிலிருந்து வந்தவைதான். மருந்து வாங்க வரிசையில் நிற்கும் கிழவருக்கு ஒன்று, மகள் ருக்குமணிக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரிக்கு ஒன்று. படம் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு நமச்சிவாயம் ஆண்டுக்கு ஒரு காரணம் சொன்னார். கதாநாயகிக்கு மஞ்சள் காமாலை என்றார். மறுவருஷம், கலர் படமாக மாற்றுகிறார்கள் என்றார். பிறகு அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. சோரியாங்குப்பத்தில் ஒருவர் கடலூரில் படத்தைப் பார்த்தே விட்டதாகச் சொன்னார். பாட்டெல்லாம் சரி, சண்டைதான் கம்மி என்றார்.

குழு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சுலோசனாவும் சிரித்தாள், 1979 வரைக்கும்.

அந்த வருஷம் ருக்குமணி நாலாம் வகுப்பு. நமச்சிவாயம்தான் வகுப்பு வாத்தியார். பிள்ளைகளில் ஒருத்தி விளக்குப் பாட்டைப் பாட, அதை அம்மாவின் கோல நோட்டில் பார்த்திருந்த ருக்குமணி எழுந்து, "சார், அது எங்கம்மா எழுதினது" என்றாள். வகுப்பு சிரித்தது. எழுதியது ஏகநாதன் என்றே நமச்சிவாயம் நம்பியிருந்தார், வகுப்பிலோ அது படத்துப் பாட்டு. பெண் சொன்னது இரண்டோடும் ஒட்டவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று அவளை மணி அடிக்கும்வரை முட்டி போட வைத்தார். மாலையில் வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார்.

"உம் பொண்ணு இன்னா சொல்லுச்சி தெரியுமா ஏகா? எழுதினது அவங்கம்மாவாம். கொஞ்சம் விட்டா கித்தாரு வாசிக்கிறதும் அவங்கம்மாதான்னு சொல்லும்."

ஏகநாதனும் சிரித்தான். காபி கொண்டுவந்த சுலோசனா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ருக்குமணி சிவந்த முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா. நான் பொய்யா சொன்னேன்?"

"இனிமே அதப்பத்திப் பள்ளிக்கூடத்துல பேசாத" என்றாள் சுலோசனா. தேங்காய் எண்ணெய் எடுத்துத் தேய்த்துவிட்டாள். பெண் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை, வீட்டில்கூட.

மறுவருஷம் விசாலாட்சி இறந்துபோனாள். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சுலோசனா கணவனிடம் கேட்டாள்.

"அத்தையும் போயிட்டாங்க. இப்ப நமச்சிவாயம் அண்ணங்கிட்டயாச்சும் சொல்லலாமில்ல?"

"சொல்லலாம், சொல்லலாம். இப்ப இன்னா அவசரம்?" என்றான் ஏகநாதன்.

அதற்குள் குழுவின் நாட்கள் குறையத் தொடங்கியிருந்தன. கேசட் வந்துவிட்டது. மைக்செட்டுக்காரர்களே கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டார்கள். மாதத்துக்கு எட்டுக் கச்சேரி இருந்தது, இரண்டானது, பிறகு திருவிழாவுக்குத் திருவிழா என்றானது. ஹபீப் ஜவுளிக்கடையில் முழுநேரமும் உட்கார்ந்தான். நமச்சிவாயம் முடிக்கு மை பூசினார். ஏகநாதன் பகலில் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தான். யாரோடும் பேச்சு இல்லை. சாயங்காலம் கித்தாரை எடுத்து, மின்சாரத்தில் சொருகாமலே தடவிக்கொண்டிருப்பான். சேதுராமன் கடையிலிருந்தபடியே, "பதினாறு வருஷம் ஊரான் படத்துப் பாட்ட பாடி இன்னாத்த கண்ட?" என்பார். அவரும் அதைப் படத்துப் பாட்டு என்றே நம்பினார். ஏகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போவான். அந்த நேரங்களில் சுலோசனாவுக்கு அவன்மேல் இரக்கமாக இருக்கும். அந்த மெட்டுகள் அவனுடையவை என்பதும் ஊருக்குத் தெரியாது.

1984 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து குழந்தைவேல் என்பவர் வந்தார். கேசட் கடை வைத்திருந்து, இப்போது சொந்தமாகக் கேசட் போடத் தொடங்கியவர். நெட்டப்பாக்கம் பக்கம் நாற்று நடும் பெண்கள் விளக்குப் பாட்டைப் பாடக் கேட்டு, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஏழு பாட்டையும் பதிவு செய்து கேசட்டாகப் போடலாம் என்றார். அட்டைக்கு மூவரும் நீலச் சட்டையில் நிற்கிற படம் வேண்டும் என்றார்.

நமச்சிவாயமும் ஹபீபும் பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்கள். சுலோசனா பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு ஏகநாதன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான்.

டீ குடிக்கக் கடைத்தெருப் பக்கம் போன குழந்தைவேல் முகம் மாறித் திரும்பினார்.

"டீக்கடைல அஞ்சு பேரக் கேட்டேன். அஞ்சு பேரும் அது அக்கரை ரோஜா படத்துப் பாட்டுன்றான்."

"அது நாங்க சும்மா சொன்னதுங்க. அப்படி ஒரு படமே கெடையாது" என்றார் நமச்சிவாயம்.

"ஒருத்தர் கடலூர்ல பார்த்தேன்னு சத்தியம் பண்றாரு வாத்தியாரே."

"நீங்களே கடலூர்தானே, நீங்க பார்த்தீங்களா?" என்றான் ஹபீப்.

"நான் பார்க்கல. நாளைக்கு எவனாச்சும் அக்கரை ரோஜாவ நான்தான் எடுத்தேன், பொட்டிக்குள்ள கெடக்குதுன்னு வந்து நின்னா, கோர்ட்டுக்கு நடக்கறது நானு." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. எழுதினவங்க கையால அப்பவே எழுதினது, தேதியோட, எதனா இருந்தா கொண்டாங்க. எழுதினவங்க ஒரு கையெழுத்துப் போடட்டும், அட்டையிலயும் அவங்க பேரப் போட்டுடலாம். இல்லன்னா மன்னிச்சிக்கோங்க, நான் மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."

ஏகநாதன் தன் தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். குழந்தைவேல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுலயும் தேதி இல்லியேப்பா. நேத்து எழுதினதுன்னு சொல்லிடுவான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையில் சேதுராமனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூவரும் உள்ளே வந்து, சுலோசனா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அறையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஹபீப் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணிகிட்ட நோட்டு கீதேபா. தேதி போட்டு."

"எந்த நோட்டு?" என்றார் நமச்சிவாயம்.

ஏகநாதன் ஹபீபை முறைத்தான். சுலோசனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கோல நோட்டை எடுத்துவந்து நமச்சிவாயத்தின் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து புரட்டினார். புள்ளிக் கோலம், அடியில் தேதி. சிக்குக் கோலம், அடியில் தேதி. 'மார்கழி 9, 1969' என்று எழுதியிருந்த தாமரைக் கோலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார். விளக்குப் பாட்டு. 'வெளியில இன்னும் மருமவ இருக்கு' என்று முதலில் எழுதி, 'மருமவ' என்பதை அடித்து, மேலே 'ஓராள்' என்று எழுதியிருந்தது. பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் குரலை இழுத்து நிறுத்திப் பாடியவர் அவர்.

"இது உன் எழுத்து இல்லியே ஏகா."

நமச்சிவாயம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ண முட்டி போட வச்சேனே தங்கச்சி. நாப்பது புள்ளைங்க முன்னால. நீ காபி குடுத்துட்டு நின்ன. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லி நீங்க நம்பறதுக்கா நின்னேன் அண்ணே? சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்கன்னு பார்த்துகிட்டு நின்னேன்" என்றாள் சுலோசனா.

"இருங்க, இருங்க." ஏகநாதன் இரண்டு கையையும் தூக்கினான். குரலில் கோபம் இல்லை. சட்டைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடப் போடு என்று சொல்கிறவனின் குரல்தான். "இப்ப இதப் பேசி பிரயோசனமில்ல. அவரு மூணு மணிக்குக் கெளம்பிடுவாரு. நான் சொல்லச் சொல்ல சுலோசனா எழுதினா, அவ்ளோதான். அப்படின்னு ஒரு வரி எழுதி அவ கையெழுத்துப் போட்டுட்டா போதும். நோட்டும் ஆச்சு, தேதியும் ஆச்சு. அட்டையில எம்பேரு வரட்டும். நம்ம வூட்டுப் பொம்பள பேரு கடை கடையா தொங்க வேணாம். அப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஏகா, வேணாம்பா" என்றான் ஹபீப்.

"குழுவினர்னு பொதுவா போட்டுடலாமா தங்கச்சி?" என்றார் நமச்சிவாயம் மெதுவாக. "எல்லாரும் அதுல அடக்கம்."

"நான் எப்ப அண்ணே குழுவுல இருந்தேன்? சட்டை தோச்சதெல்லாம் சேத்தியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஏகநாதன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினான். "ஒரு வரி, சுலோ. பதினாறு வருஷம் இதுக்குத்தான் நாயா அலைஞ்சேன். உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். சுத்துக்கேணியிலிருந்து ஒவ்வொரு ஊரின் அழுக்கையும் தன் கையால் கசக்கியவள் அவள். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். நமச்சிவாயத்திடமிருந்து நோட்டை வாங்கி, கடைசியில் கோலமில்லாத ஒரு பக்கத்தைத் திறந்து, மடியில் வைத்துக்கொண்டு, அன்றைய தேதியை எழுதினாள். ஏகநாதன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எழுதறேன்" என்றாள் சுலோசனா. "விளக்குப் பாட்ட நீங்க சொல்லச் சொல்ல எழுதினேன். சரி. அந்த அன்னைக்கு நீங்க கித்தாரு வாசிச்சிட்டிருந்தீங்க. நான் எங்க இருந்தேன்? அத மட்டும் இவங்க ரெண்டு பேரு முன்னால சொல்லுங்க, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

ஹபீப் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கரி அடங்கிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன, மூன்றாவது பாதியில் நின்றிருந்தது. முன்னால் கடையில் குழந்தைவேல் சேதுராமனிடம் மணி கேட்பது கேட்டது.

சுலோசனா பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

ஏகநாதன் எழுந்தான். கடை வழியாகப் போனால் குழந்தைவேலைப் பார்க்க வேண்டியிருக்கும். பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் வெளியே போனான்.